காணப்படவில்லை

கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில்
ஈரத் தினத்தாளுக்குள் வந்தது கல்.
வண்ணாரப்பேட்டையில் இறக்கிக் கொடுத்த கிளீனர்
முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்,
"கருவாடாக்கா?"
கல், என்றேன்.
நம்பவில்லை.
அவன் சொன்னதுதான் கூடுதல் சரி.

பெருமாள்புரத்தில் மாடி வீடு.
வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர்.
தொட்டியைப் பார்த்த அன்றைக்கே
கீழ்வீட்டு உலகம்மாள் கேட்டாள்,
"தாமிரவருணி கொழாயில வாற வீட்டுக்கு
உப்புத்தண்ணி எதுக்கு?"
கோமதிசங்கர் என்னைப் பார்த்தான்.
அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

முதல் வாரம் எல்லாம் நல்ல செய்தி.
கல்லில் ஊதா படர்ந்தது.
குருணை அளவில் ஒரு நட்சத்திரம்
கண்ணாடியில் ஏறியது. ஆறு கால்.
மறுநாள் மூன்று காலோடு இரண்டு.
வியாழக்கிழமை பதினேழு.

பிறகு பழுப்பாய் ஒரு பூ.
அழகாயிருக்கே என்று அவன் போட்டோ எடுத்தான்.
பூ அன்று அது.
கிள்ளினால், கிள்ளிய துணுக்கெல்லாம் முளைக்கும்.
வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் குழைத்து
சிரிஞ்சில் ஏற்றி
வாய் பார்த்து விட்டேன்.
ரத்தம் எடுக்கிற அதே கை.
நரம்பு தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

என் வேலை ஹைகிரவுண்டில், லேபில்.
யார் யார் மலத்திலோ
யாரும் கூப்பிடாமல் வந்ததைத் தேடுவது.
தேடி, பெரும்பாலும்
"காணப்படவில்லை" என்று எழுதுவது.
பதினோரு வருஷம்.
பேனா தானாக ஓடும்.

ஒரு லீவு ராத்திரி, ஒன்றரை மணி,
டக்.
இன்வெர்ட்டர் என்று புரண்டு படுத்தேன்.
டக். டக்.
காலையில், காசு கொடுத்து வாங்கிவிட்ட நத்தை
சில்லுச் சில்லாய்க் கிடந்தது.

டார்ச்சில் சிவப்புத்தாள் சுற்றி
மறுநாள் ராத்திரி தரையில் குந்தினேன்.
சிவப்பு அதுகளுக்குத் தெரியாது என்பார்கள்.
கல் மெல்ல அவிழ்ந்தது.
ஒரு சாண் முடிப்புழு
மீன் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போனது.
அடிப்பொந்தில்
காம்புமேல் இரண்டு கண்.
தனித்தனியே உருண்டன.
ஒன்று டார்ச்சை, ஒன்று என்னை.
மைக்ராஸ்கோப்பில் இத்தனை வருஷத்தில்
எதுவும் என்னைத் திருப்பிப் பார்த்ததில்லை.

உவரியில் ரெக்ஸ்லினுக்குப் படம் அனுப்பினேன்.
கேனில் கடல்தண்ணி கொண்டுவந்து தருகிறவள்.
"அப்பாட்ட காட்டுனேன். இதுக்குப் பேருல்லாம் இல்லியாம்.
வலையில கெடந்தா தூக்கி எறிஞ்சிருவாவளாம்.
வெரல மட்டும் குடுத்துராதங்காவ."

பாட்டில் கழுத்தை வெட்டி, தலைகீழாய்ச் சொருகி
உள்ளே இறால் தலை வைத்தேன்.
முதல் நாள் முடிப்புழு விழுந்தது.
கையுறை இல்லாமல் எடுத்தது என் புத்தி.
விரலெல்லாம் கண்ணாடி முள்;
செல்லோடேப் ஒட்டி ஒட்டி உரித்தேன்.
அது குப்பை தின்கிற பிராணி, பாவம்.
திரும்ப விட்டுவிட்டேன்.
இரண்டாம் நாள்
இறால் தலையும் இல்லை, ஆளும் இல்லை.
மூன்றாம் நாள் கல்லையே தூக்கி
வாளிக்கு மேல் பிடிக்கச் சொல்லி
பொந்துக்குள் சோடா ஊற்றினேன்.
(பன்னீர் சோடா வாங்கி வந்திருந்தான்.
திருப்பி அனுப்பிச் சாதா சோடா.)

விழுந்தது.
சுண்டுவிரல் நீளம். பச்சை. ஓரத்தில் செம்மஞ்சள்.
வாளியை ஒரே ஒரு அடி.
கோமதிசங்கர் கல்லைக் கீழே போடாதது
எங்கள் கல்யாணத்தின் பலம்.

"பாளையங்கால்வாயில கொட்டிருவோமா?"
நல்ல தண்ணியில் அரைமணி தாங்காது.
சிங்க்குக்கு அடியில்
மிட்டாய்க்கடை ஜாடி ஒன்று காலியாய் இருந்தது.

ஒன்றரை மணிக்கு,
டக்.

"ஏ பிள்ள, வீட்டுல வேற யாரு இருக்கா?
ராத்திரில தட்டுத சத்தம் கேக்கு."

யாரும் இல்லையே, என்றது வாய்.
இன்வெர்ட்டராயிருக்கும் என்றும் சேர்த்தேன்.

என் பையை விரல் வைத்து விலக்கி
உள்ளே பார்த்தாள் உலகம்மாள்.

"இன்வெர்ட்டருக்கா தெனமும்
எறாத்தல வாங்கிட்டு வார?"