மாவு மில் நிற்கும் நேரம்

வாங்கி வந்த அன்றே தலைகீழாகக் கவிழ்த்து
அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்.
இரண்டாயிரம் வாட்.
அரை மணிக்கு ஒரு யூனிட்.
பதினேழு வருடமாக மஞ்சக்குப்பத்தில்
அடுத்தவர் வீட்டு மீட்டரை அண்ணாந்து படிப்பவளுக்கு
சமையல் குறிப்பு அங்கேதான் தொடங்கும்.

பெட்டிக்குள் ஒரு காகிதம்.
ஒரு கை, ஒரு கோழி, ஒரு பெருக்கல் குறி.
அவ்வளவுதான் விளக்கம்.

தீ இல்லை என்பதுதான் சிக்கல்.
நீலமா மஞ்சளா என்று குனிந்து பார்க்க ஒன்றுமில்லை.
சிவப்பாய் ஒரு புள்ளி எரிகிறது, அணைகிறது.
எரிந்தால் சூடாகிறதா,
சூடாகிவிட்டதா?

துறைமுகத்தில் அஞ்சலாட்சி கேட்டாள்:
கொழம்புக்கா, வறுக்கவா?
கம்பிமேல வச்சு வாட்டப் போறேன் என்றேன்.
கத்தி நின்றது.
அப்ப கெழங்கான் வேணாம், ஒடஞ்சி போவும்.
சங்கரா எடுத்துக்க. தோலை உரிக்காம தரேன்,
கரண்ட்டுல சுட்டா எப்படி இருந்துச்சுன்னு
வந்து சொல்லு.

சொல்லும்படி இல்லை.
வரிவரியாய்க் கறுப்புக் கோடு விழும் என்று
காத்திருந்தேன்.
மீன் வியர்த்தது.
திருப்பியபோது தோல் கம்பியோடு தங்கிவிட்டது.
சதை மட்டும் என்னோடு வந்தது, அதுவும் பாதி.
மறுநாள் எண்ணெயைக் கூட்டினேன்.
அதற்கும் மறுநாள்
ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

பிறகுதான் அலுவலகப் பையிலிருந்து
வோல்ட் மீட்டரை எடுத்துப் பிளக்கில் செருகினேன்.
மாலை ஏழு மணி. நூற்று எண்பத்தெட்டு.

மீன்மேல் குற்றமில்லை. என்மேலும் இல்லை.
மூன்றில் ஒரு பங்கு சூட்டை
தெரு தின்றுவிட்டது.
எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் யார் யார் என்று
எனக்கு மனப்பாடம்:
இஸ்திரிக் கடை,
லேடீஸ் ஹாஸ்டலின் வெந்நீர்,
ஒன்றென்று எழுதிக்கொடுத்து
மூன்று ஏசி ஓட்டும் பல் டாக்டர்,
எல்லோருக்கும் மேலாக
முனையில் சம்பந்தத்தின் மாவு மில்.
பத்து எச்.பி. மோட்டார்.

எட்டேகாலுக்கு மில் நின்றது.
காதுக்கு முன்னால் டியூப்லைட்டுக்குத் தெரிந்துவிட்டது.
ஒரு கணம் வெளுத்தது அறை.
எண்ணெய் சடசடவென்று பேச ஆரம்பித்தது.
அன்றைக்கு விழுந்தன கோடுகள்,
ஒன்றுகூடக் கோணாமல், பள்ளிக்கூட நோட்டுப்போல.
நின்றுகொண்டே தின்றேன். நாக்கு சுட்டது.

இப்போதெல்லாம் கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில்
உள்ளங்கையைப் பிடித்து எண்ணுகிறேன்.
நாலுக்குள் கை தானாக விலகினால் மீன் போடலாம்.
ஏழு வரை எண்ண முடிந்தால்
யாரோ இன்னும் அரைக்கிறார்கள்.

போன மாதம் மில்லுக்குக் கணக்கெடுக்கப் போனேன்.
ரொம்ப ஓடியிருக்காம்மா என்றார் சம்பந்தம்,
புருவம்வரை அரிசிமாவு.
ஏழு மணிக்கு மூடிட்டா குறையும் என்றேன்.
பொய் இல்லை.
முழு உண்மையும் இல்லை.
வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டு
அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன்.

என் வீட்டு மீட்டரையும் நானேதான் எடுக்கிறேன்.
ஒரு படி தாண்டிவிட்டது.
ஒரு கணம் பேனா தயங்கியது என்று
யாரிடமும் சொல்லவில்லை.

இன்று
மாலையிலிருந்து மழை. ஆறரைக்குப் போன கரண்ட்
இன்னும் வரவில்லை.
இருட்டில் கைபேசி நிற்காமல் அடிக்கிறது.
மேடம், எப்ப வரும்?
ஹாஸ்டல். பல் டாக்டர்.
சம்பந்தம்கூட. அரைச்சது பாதியில நிக்குதும்மா.
கெடிலத்துப் பக்கம் கம்பத்தில் ஆள் ஏறியிருக்கு என்றேன்,
ஏறியிருக்க வேண்டும்.

உப்பு, மிளகு, பூண்டு தடவி
எலுமிச்சையும் பிழிந்தாகிவிட்டது, அவசரக்காரி.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
கம்பி ஜில்லென்று கிடக்கிறது.
தட்டில், எனக்காகக் காத்திராமல்,
ஓரத்திலிருந்து
வெளுக்கத் தொடங்கிவிட்டது சங்கரா.