பகல் ஒன்றரை

மாலை ஆறு மணி, பெயர் பெற்றவர்களுக்கு.
நாலே கால், பெயர் வந்துகொண்டிருப்பவர்களுக்கு.
பகல் ஒன்றரை எங்களுக்கு:
சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே
சென்னை கண் சொருகும் நேரம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம்.
மணிக்கு ஆயிரத்து எண்ணூறு, மைக் தனி.
நாற்காலி இருநூற்றிருபது.
அறக்கட்டளை நிர்வாகிகள் ஆறு பேர்.

தலைவர் கோதண்டபாணி
துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்தவர்.
செயலாளர் தமயந்தி;
நன்கொடை கேட்டு அவர் போன் செய்தால்
நங்கநல்லூரில் நாலு வீட்டில் எடுக்க மாட்டார்கள்,
நாலு வீட்டுக்கும் நேரில் போவார்.
ஜெபராஜுக்கு மைக்.
உமையாளுக்குப் பூ, தண்ணீர் பாட்டில், சுருதிப்பெட்டி.
சகாதேவன் எதற்கென்று இன்னும் தீர்மானமாகவில்லை,
கார் வைத்திருக்கிறார்.
பொருளாளர் நான்.
மோகனம் என்று நான் தலையாட்டினால்
அது பிலஹரியாக இருக்கும்.

முதல் வருடம்
முன்வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தோம்.
மேடையிலிருந்த பையனுக்கு
ஆறு தலையும், அதற்குப் பின்னால்
இருநூற்றுப் பதினாலு காலி நாற்காலியும் தெரிந்தன.
வர்ணத்தில் அநுபல்லவி தாண்டுமுன்
குரல் உள்ளே போய்விட்டது.

மறுவருடம் தமயந்தி தீர்மானம் கொண்டுவந்தார்:
'நிர்வாகிகள் பரவி உட்கார வேண்டும்.'
ஒருமனதாக நிறைவேறியது.
அப்புறம் அது தானாக வளர்ந்தது.
வர்ணத்துக்கு மூன்றாம் வரிசை,
ஆலாபனைக்குத் தூணோரம்,
உருப்படிக்கு உருப்படி இடம் மாறினோம்.
கோதண்டபாணி பாதியில் வெளியே போய்
சால்வை போர்த்தி
வேறொருவராகத் திரும்பி வருவார்.
மழை நாளில் சகாதேவன் வாசலில் நின்று
சாப்பாடு டெலிவரிப் பையன்களை
உள்ளே ஒதுங்கச் சொல்வார்.
ஒருவன் மட்டும் தில்லானாவரை இருந்தான்.
யாருடைய பிரியாணியோ
அவன் மடியில் ஆறியது.

தனி ஆவர்த்தனம் தொடங்கினால்
ஊரில் எல்லாச் சபையிலும்
கேன்டீனுக்கு எழுந்து போவார்கள்.
எங்களால் முடியாது.
நாங்கள் எழுந்தால் சபையே எழுந்ததாகும்.
பின்பக்கமிருந்து கீரை வடை வாசனை கூப்பிடக் கூப்பிட
ஆறு மூலையில் ஆறு பேர், அசையாமல்.

என் கை போடும் தாளம்
எந்த முப்பத்தைந்திலும் சேராது.
'மிருதங்கம் வாசிக்கிற பிள்ளை பார்த்தால் குழம்பிவிடும்,
கையைப் பாக்கெட்டில் வையுங்கள்'
என்று உமையாள் கடிந்திருக்கிறார்.
வைப்பேன்.
அது உள்ளே கிடந்தும் போடும்.

இந்த மார்கழியில்
பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து செல்வநாயகி.
பதினேழு வயது.
மிருதங்கம் அறக்கட்டளையுடையது,
தோல் மாற்றிய ரசீது என்னிடம் இருக்கிறது.
கண்ட நடையில் அவள் இறங்கியபோது
நான் பாக்கெட்டை மறந்தேன்.
கை வெளியே வந்துவிட்டது.
அவள் நேராக என்னைப் பார்த்தபடியே வாசித்தாள்.

முடிந்ததும் உறையை வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"பதினோரு பேர் சார். எண்ணினேன்.
அதுல நீங்க ஆறு பேரும் மூணு மூணு தடவ வந்தீங்க."
முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"சால்வ நல்லாருந்துச்சு" என்றாள் தலைவரிடம்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"தப்பாத்தான் போட்டீங்க. ஆனா நிறுத்தவே இல்ல.
கோர்வையத் திஸ்ரத்துல திருப்பினதே
உங்க கையை உதறத்தான்."

அன்றிரவு, நிதி தரும் நிறுவனத்துக்கு அறிக்கை.
'பார்வையாளர் எண்ணிக்கை' என்றொரு கட்டம்.
வழக்கமாக 'சுமார் அறுபது' என்று எழுதுவேன்.
ஆறு பேர், பத்து இடம்,
பெருக்கினால் வருவதுதானே.
இந்த முறை பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டுப்
பதினொன்று என்று எழுதினேன்.
தமயந்தி அதைப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.

கோதண்டபாணி சால்வையை
டிரை கிளீனிங்குக்குக் கொடுத்திருக்கிறார்.
நூற்று இருபது ரூபாய்.
ரசீது கொண்டுவந்தால்
எந்தக் கணக்கில் எழுதுவதென்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.