நத்தைத் தந்தி

பாரிசில் அந்த ஆளுக்கு
இருபத்துச் சொச்சம் ஜோடி போதுமாயிருந்தது.
ஒருமுறை கூடிய நத்தைகளைப் பிரித்து வைத்தாலும்
ஒன்றைத் தொட்டால் மற்றது சிலிர்க்கும்,
கம்பியில்லாமல் சேதி போகும்
என்று நம்பினான். அல்லது நம்பவைத்தான்.

ஒத்திகையின் முதல் நாளே எபனேசர் சார் எழுந்தார்:
“நமக்கு இருநூத்தி நாப்பத்தேழுல்லா வேணும்?”
உயிரும் மெய்யும் போதும், மேடையில் புணரட்டும்
என்று முடிவாயிற்று. முப்பது.
ஆய்தத்தை விட்டால் நடிக்க மாட்டேன் என்றாள்
தாலுகா ஆபீஸ் தவசிக்கனி.
முப்பத்தொன்று. பெட்டி இரண்டு. அறுபத்திரண்டு.

பொறுக்கும் வேலை எனக்கு.
முன்னீர்பள்ளம் வயக்காட்டில் டார்ச்சும் வாளியுமாய்க்
குனிந்து நின்றவனை, மோட்டார் போட வந்தவர் கேட்டார்:
“என்னவே, மூலத்துக்கா?”
“நாடகத்துக்கு.”
“அதுலயும் உக்காரத்தான் செரமம்.”

நகப்பூச்சால் முதுகில் எழுத்துப் போட்டோம்.
ழகரம் அன்றைக்கு ஓட்டுக்குள் போனதுதான்.

பாளையங்கோட்டையில் அரங்கேற்றம்.
கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து வடிய
விஞ்ஞானி சங்கரபாண்டியன்
இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஓடி
சும்மா சரிபார்ப்பதுபோல் எட்டிப் பார்க்க
கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது.
எழுதியிருந்தபடி போகவேண்டிய சேதி: வணக்கம்.
மறுமுனையில், பேட்டை மில்லில்
ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த கோமதிநாயகம்
கொம்பு நீட்டியவற்றை ஒவ்வொன்றாய் வாசித்தான்:
ப்.
அ.
ச்.
இ.

கூரை பிய்ந்துவிடும் போலச் சிரிப்பு.
திரைக்குப் பக்கத்தில் நான் மட்டும்
காலையிலிருந்து பிரிக்காத கீரைக்கட்டைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவனாகச் சொன்னானா, அவை சொன்னதா?
கேட்டதற்கு,
“வடை எதும் கெடக்கால?” என்றான்.

ராத்திரி எண்ணினேன். அறுபத்தொன்று.
ஓர் ஆய்தத்தைக் காணோம்.
தவசிக்கனி கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி பஸ். மடியில் வாளி.
“என்னண்ணே அது?” கண்டக்டர்.
“தந்தி.”
“அதத்தான் நிறுத்திட்டானுவளே” என்றபடி
டிக்கெட் ஒன்று கிழித்தார்.
கீரைக்கடியில் ழகரம்
ஒரு கொம்பை மட்டும் நீட்டியிருந்தது.