பூஜ்ஜியக் கிணறு

முதல் அடி: செம்மண், சரளை, ஒரு சோடா மூடி.
இரண்டாம் அடியில் செம்புறாங்கல்.
அளவுநாடாவுக்கு முன்பே
சூசையின் தோள்பட்டை அதைச் சொல்லிவிடுகிறது.
துளைக்கருவி ஒருமுறை முனகி, நின்று,
மறுபடி இறங்குகிறது.

மூன்றே முக்கால் அடியில் மண் மஞ்சளாகிறது.
"எலுமிச்சை மஞ்சள். ஈரம். வாசனை இல்லை"
என்று பதிவேட்டில் எழுதுகிறேன்.
வாசனை இல்லை என்று எழுதும்போதுதான்
பேனா கொஞ்சம் அழுந்துகிறது.

புதுவயல் சாலையில், ரயில்வே கேட் தாண்டி,
கருவை மூடிய நாலு ஏக்கர்.
சைக்கிள் கைப்பிடிக்கும் குழாய்த் தலைக்கும்
குரோமியம் முலாம் பூசிய இடம்.
மூடிப் பத்தொன்பது வருடம்.
கேட்டில் தொங்கும் பூட்டு மட்டும்
இன்னும் பளபளக்கிறது.
தொட்டிகள் இருந்த இடத்தில்
எதுவும் முளைக்காத ஆறு நீள்சதுரங்கள்.
கல்யாண மண்டபம் வரப்போகிறதாம்.
வாங்குகிறவர்கள் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள்.

மூன்று கிணறுகளில் நாடா விட்டேன்.
நீர்மட்டங்களை முக்கோணமாக இணைத்தால்
தண்ணீர் தென்கிழக்கே போகிறது, கடலைப் பார்த்து,
நாளுக்கு ஒரு சாண்கூட இல்லை.
ஆகவே வடமேற்கே இருப்பது சுத்தம்.
வரைபடத்தில் அந்தக் கிணற்றுக்கு
நான் வைத்த பெயர் பூஜ்ஜியம்.
மற்ற எல்லாக் கெடுதலையும்
அங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.
பக்கத்தில் காவலாளி அடைக்கலத்தின் ஓட்டு வீடு,
இரண்டு ஆடு, ஒரு முருங்கை.

மோட்டாரை இருபது நிமிஷம் ஓடவிட்டுத்
தேங்கிய தண்ணீரைக் கொட்டினோம்.
அது முருங்கைக்குப் போனது.
பிறகு புட்டி, லேபிள், நேரம், கையெழுத்து.
காரைக்குடி மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஐஸ்
வஞ்சிர வாசனையோடு பெட்டிக்குள் உடைந்தது.

சரியான எண்ணை மதுரை ஆய்வகம் சொல்லும்.
ஆனாலும் களத்தில் ஒரு சோதனை உண்டு:
பத்து மில்லி தண்ணீர், ஒரு பொட்டலம் பொடி,
ஐந்து நிமிஷம்.
பூஜ்ஜியத்தில் எதுவும் நடக்கக்கூடாது.

நடந்தது.
முதலில் ரோஸ். அப்புறம் கத்தரிப்பூ.
அப்புறம், நாவற்பழம் தின்ற நாக்கு.

பொடி கெட்டிருக்கும் என்று
கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் போட்டேன்.
அது தண்ணீராகவே இருந்தது.

அடைக்கலம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மூச்சில் ஒரு விசில்.
காலையிலிருந்து ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன்.
"அழகா இருக்கும்மா" என்றார்.
அப்புறம்,
"இந்த எடம் பள்ளமாக் கெடந்துச்சு.
மூடுறப்ப தொட்டி அடி வண்டலைச் சும்மா தந்தாங்க.
பதினாலு டிராக்டர். நானே கொட்டி நானே மிதிச்சேன்.
சம்பள பாக்கிக்கு இந்த மனைதான்."

தொட்டியில் எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
பதினொண்ணு.
விரலால் மூக்குத்தண்டைத் தொட்டு,
உள்ளே நடுச்சுவர் ஓட்டையாகிவிட்டது என்று
வேறு யாருடைய மூக்கையோ சொல்வதுபோலச் சொன்னார்.

நிலத்தை விற்கும் சாத்தப்பனுக்குப் போன் போட்டேன்.
"ரிப்போர்ட் கைக்கு வர்றவரை
யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம்."
நியாயம்தான். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது,
நாலாம் பக்கம்.

வீட்டுக்குள்ளிருந்து பாக்கியத்தின் குரல்:
மோட்டாரைப் போடுங்க, குடம் காலி.

நான் பேசவில்லை.
சுவிட்ச் பெட்டியைத் திறந்து
பீங்கான் பியூஸைப் பிடுங்கினேன்.
வேனிலிருந்த இருபது லிட்டர் கேனைச்
சூசை இறக்கி வாசலில் வைத்தான்.
இரண்டு ஆட்டையும் சேர்த்தால்
ஒரு நாளைக்கு வரும்.

பதிவேட்டின் அடுத்த வரி:
மாதிரி எண் இருபத்தேழு. பீங்கான் பியூஸ், ஒன்று.
எடுத்த இடம்: பூஜ்ஜியம்
அதை அடித்துவிட்டு, அடைக்கலம் வீடு.
பாதுகாக்கும் முறை: என் பை.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடும் கட்டம்
காலியாக இருக்கிறது.