கெட்ட கிழமை, நல்ல கிழமை

விசுவமடுச் சந்தியில் விடிய நாலே முக்கால்.
முல்லைத்தீவிலிருந்து வரும் முதல் பஸ்ஸில்
கள்ளப்பாட்டு யசிந்தா
சீற்றில் பையையும் செருப்பையும் பரப்பிவைத்து
"ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று
புதுக்குடியிருப்பிலிருந்தே சண்டைபிடித்தபடி வருவாள்.
அந்த ஆட்கள்
நானும் கேதீஸ்வரியும்,
தருமபுரத்தில் ஏறும் யோகமலரும்.
மருந்து ஒருத்திக்குத்தான் என்றாலும்
இரத்தம் சோதிக்க, துண்டு காட்ட, துணைக்கு என்று
ஏதோவொரு சாட்டில் எல்லோரும் ஏறிவிடுவோம்.

போகும்போது தேசியிலை.
வரும்போது சொப்பின் பை.
ஆனையிறவு உப்புக்காற்றுப் பட்டதும் குமட்டும்.
ஒருத்தி பையைப் பிடிப்பாள்,
ஒருத்தி நெற்றியைப் பிடிப்பாள்,
மற்றவள் கொண்டக்டரை முறைப்பாள்.

எங்கள் கலண்டரில் மூன்றே கிழமை.
மருந்து ஏற்றிய கிழமை, தண்ணீரும் துரு நாறும்.
அடுத்தது, காய்ச்சல் வரக்கூடாதென்று
நேர்த்தி வைக்கிற கிழமை.
மூன்றாவதில் சோறு சோறாய் ருசிக்கும்.
மூன்றாவதில் இருப்பவள்
முதலாவதில் இருப்பவளுக்குச் சமைப்பாள்.
யாரும் எழுதிவைத்த சட்டமில்லை.
விளைமீன் சொதியோடு ஒருநாள் வந்த யசிந்தா
மணம் பட்டு நான் ஓடியதைப் பார்த்துவிட்டு
அதைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்து
எனக்கு வெறும் கஞ்சி காய்ச்சினாள்.
உப்புக் கூட. சொல்லவில்லை.

ஸ்கான் அறைப் பொடியன் கேட்டான்:
"அம்மா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ?"
கேதீஸ் சொன்னாள்:
"முதுகில ரண்டு. துடையில ஒண்டு.
மிச்சத்தை நீங்கள்தான் தம்பி பாத்துச் சொல்லோணும்."
போன கிளினிக்கில்தான் அவளுக்கு
இரத்தத்தில் இரும்பு காணாதென்று
குளிசை கொடுத்திருந்தார்கள்.
பரந்தன்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
முன்சீற்றுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.
இந்த வருத்தக்காரர் சிரிக்கக்கூடாதாக்கும்.

என் தலைமுடி போனது கிணற்றடியில்.
மழைக்குப் பிறகு கச்சான் செடி வருமே,
பிடித்தால் போதும்,
அப்படி.

மாசிக் கடைசி.
கேதீஸின் அரை ஏக்கர் கச்சான் முற்றிவிட்டது.
அவளுக்கோ முதல் கிழமை.
இரவில் பன்றி, பகலில் மயில், மேற்கே மப்பு.
கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை,
செவ்வாய்க்கிழமை லோன்காரன் வந்து போயிருந்தான்.
பயிர் எங்கள் கலண்டரைக் கேட்டா முற்றுகிறது?

போனோம்.
எனக்கு இடக்கை ஏலாது, யோகமலருக்கு வலக்கை.
கக்கத்தில் வெட்டி எடுத்த பிறகு
பாரம் தூக்காதே என்று டொக்டர் சொன்ன கைகள்.
மிச்சமிருந்த ஒவ்வொரு கையால்
ஒரு சாக்கைப் பிடித்தோம்.
"ரண்டுபேரும் சேந்து ஒரு கூலியாள்," என்றாள்,
"சம்பளமும் பாதிதான் தருவினம்."
யசிந்தா கரைவலைக்காரி.
செடியை வலைபோல வலித்து இழுத்தாள்,
காய் மண்ணுக்குள்ளேயே நின்றது.
பத்து மணி வெயிலுக்குத் தலைத்துணி அவிழ்த்து
மூன்று மொட்டைகளும் வரம்பில் குந்தியிருந்தோம்.
றோட்டால் போன லாண்ட்மாஸ்டர்
நின்றேவிட்டது.

பத்து நாளில் கேதீஸ் எழும்பி வந்தாள்.
தோட்டத்தில் குந்தி
நகம் கறுத்த விரலால் மண்ணைக் கிளறினாள்.
ஒன்று, இரண்டு,
ஒரு பிடி,
பிறகு ஒரு மடி.
"என்னத்தைப் பிடுங்கினியள்? அரைவாசி மண்ணுக்கை!
கண் தெரியாத சனங்கள்!"
ஏசினாள், ஏசினாள்,
வேலிக்கு அப்பால் கேட்கும்படி ஏசினாள்.
போன கிழமை அவள் தண்ணீர் கேட்டது
சைகையால்.
யசிந்தா என்னைப் பார்த்தாள்.
நாங்கள் வாய் திறக்கவில்லை.

கிளறி எடுத்ததை உப்புப் போட்டு அவித்தோம்.
யோகமலர் இரண்டு மூன்றுதான் தின்றாள்.
வெள்ளை அணு காணாதென்று
திங்கட்கிழமையும் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
மிச்சத்தைச் சொப்பின் பையில் முடிந்து
யசிந்தாவிடம் நீட்டினாள்.
"பஸ்ஸில சண்டை பிடிக்கிற ஆள்,
நீ தின்."