அடுத்த நிறுத்தம்

ரீகாவில் ஜனவரி.
டௌகவா ஆறு உறைந்து கிடக்கிறது.
மைனஸ் பதினாறில்
ஓட்டுநர் அறை ஜன்னலைத் திறந்துவைத்து
டிராம் ஓட்டுகிறாள் இங்கூனா.

புகார் வந்திருக்கிறது, எழுத்தில்:
முன்வரிசைப் பயணிகளுக்குக் கால் விறைக்கிறதாம்.
ஜன்னல் பழுதா, மேலாளர் கேட்டார்.
ஆமாம் என்றாள்.
பழுது என்ற அந்தச் சொல்லை
அன்று முழுக்க வாயில் புரட்டிக்கொண்டிருந்தாள்,
கரையாத மாத்திரையைப் போல.

மூன்று மணிக்கு விழிப்பு.
நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டால்
அந்தப் பக்கமும் ஈரம்.
வால்டிஸ் தூங்குகிறான்.
அவன் காதைப் பார்த்தால் அழுகை வருகிறது,
பிறகு அதே காதின் மேல் கோபம்.
ஒரு காது என்ன செய்யும், பாவம்.
எழுந்துபோய்
சமையலறைத் தரையின் குளிரில் பாதம் பதித்து நிற்கிறாள்,
இருபத்தாறு வருடம்
தண்டவாளம் விட்டு இறங்காதவள்.

கடைசியாக எப்போது, என்றார் மருத்துவர்.
தேதி சொன்னாள்.
மற்றபடி?
மற்றபடி என்பதற்குப் படிவத்தில்
விரல் அகலமே இடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை
அறிவிப்புக் கருவி நின்றுபோனது.
மைக்கை எடுத்து அவளே சொல்லி வந்தாள்:
சந்தை. ரொட்டி ஆலை. பள்ளிக்கூடம்.
பாலம் தாண்டியதும்
அடுத்த பெயர் இல்லை.
நாக்கில் இல்லை, நாக்குக்குப் பின்னாலும் இல்லை.
வீட்டுக்குப் போக
தினமும் அவள் இறங்கும் இடம்தான் அது.
மைக் திறந்திருக்கிறது.
அவள் மூச்சு மட்டும் இரண்டு பெட்டியிலும் கேட்கிறது.
கழுத்திலிருந்து அந்தத் தீ ஏறுகிறது.

அடுத்தது, என்றாள்,
அடுத்தது
நான் இறங்குமிடம்.

யாரோ சிரித்தார்கள்.
யாரோ செல்பேசியிலிருந்து தலை தூக்கினார்கள்.
நான்கு பேர் மட்டும் எழுந்து
சரியாகக் கதவருகே நகர்ந்தார்கள்.

டிப்போவின் உடைமாற்றும் அறையில்
இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.
எனக்குப் புத்தி பிசகுகிறது லாஸ்மா,
என் அம்மாவுக்குக்கூட இப்படி ஆனதாகத் தெரியாது,
அவள் எதையுமே சொன்னதில்லை.

ஏழாம் தடத்து லாஸ்மா
பதில் சொல்லாமல் பையைத் திறந்தாள்.
மாற்று பனியன் மூன்று,
ஒரு கைவிசிறி,
ஒரு பால் பெட்டியை வெட்டிய அட்டை.
அட்டையில் அவள் தடத்தின் எல்லா நிறுத்தங்களும்
சிவப்பு மையில், பெரிய எழுத்தில்.
கடைசி வரியில் அவள் பெயர்.

இது எதற்கு?
ஒருநாள் தேவைப்படும், என்றாள்
முகத்தை மாற்றாமல்.

அதன் பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை,
பெஞ்சில் சரிந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு,
அழுகிறார்களா என்று
வெளியே யாரும் சந்தேகப்படும் அளவுக்குச் சிரித்தார்கள்.

கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் சத்தம்.
கதவைத் திறக்காமலே ஒரு குரல்:
எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கள்,
பதினோராம் தடம்.