ஐம்பத்தொன்றாவது பைட்

"பாரம் வேலை செய்யலம்மா" என்றார்
ஆம்னி பஸ் ஆபீஸ் மேனேஜர்.
எனக்குச் செய்தது.
மதுரை என்று போட்டேன், போனது.
உசிலம்பட்டி போனது. சோழவந்தான் போனது.
பெயர் கேட்ட இடத்தில் அஅஅ என்று அடித்தேன்,
அதையும் ஓட்டுநராக ஏற்றுக்கொண்டது சர்வர்.

யாரோ டிரைவர் அனுப்பியதென்று ஒரு போட்டோ வந்தது.
கீறல் விழுந்த போனில் ஐந்நூறு என்று ஓர் எண்.
அதன் கீழே, உள்ளே ஏதோ தவறு,
என்னவென்று சொல்ல மாட்டேன் என்பதைப்
பணிவான ஆங்கிலத்தில்.
எனக்குத் தந்த முன்பணமும் ஐந்நூறுதான்.

ஆரப்பாளையத்தில் கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் நாற்பது சதவீதம்.
பதிவேட்டைத் திறந்தேன்.
சர்வரின் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுகிறது,
ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.
கூட்டினால்
நேற்று ராத்திரி ஒன்று பன்னிரண்டு.
ஒன்று பதினைந்து. ஒன்று இருபது.
பதினொரு தடவை, ஒரே ஆள்.
மு. வழிவிட்டான், திருப்பரங்குன்றம்.
கடைசித் தேதி நேற்று.

எண்ணிப் பாருங்கள், கண்ணுக்குப் பத்து எழுத்து.
இயந்திரத்துக்கு ஐம்பத்தொரு பைட்.
நான் ஒதுக்கியது ஐம்பது.
எவரோ எழுதிய ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டியபோது
ஓர் ஊருக்கு இது போதாதா என்று நினைத்த ஞாபகம்.
கடைசி எழுத்தின் புள்ளி
இரண்டு பைட் உள்ளே, ஒன்று வெளியே,
புட்போர்டில் தொங்கியது.
அதைப் பார்த்து வண்டியையே நிறுத்திவிட்டது டேட்டாபேஸ்.

ஐம்பதை இருநூற்றைம்பத்தைந்து ஆக்கினேன்.
அத்தோடு மூடியிருக்கலாம்.

எப்போதோ சோதனைக்கு எழுதி
அழிக்க மறந்த ஒரு வரி
வந்ததையெல்லாம் பதிவேட்டில் கொட்டி வைத்திருந்தது.
படித்தேன். படித்திருக்கக் கூடாது.

முதல் தடவை, அனுபவம் ஐந்து ஆண்டு.
இரண்டாவதும் அதே. பட்டன் அமுங்கவில்லை
என்று நினைத்திருப்பார்.
நான்காவதில் நான்கு ஆண்டு.
ஏழாவதில் மூன்று ஆண்டு எட்டு மாதம்.
ஒன்பதாவதில், அதில் ஐந்து மாதம் கிளீனர்.
பதினொன்றில், இரண்டு நாற்பதுக்கு:
மேலூர் ரோட்டில் ஒருமுறை ஆட்டை அடித்துவிட்டேன் சார்,
ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தாச்சு.

ஊரை மட்டும் அவர் தொடவே இல்லை.
அதில்தான் பொய் இல்லையே.

"விட்டுப்போனதை நீயே ஏத்திரும்மா" என்கிறார் மேனேஜர்.
பதினொன்றில் எதை?
பேட்டரி பதினாலு.
என் ஐம்பது குறுக்கே நிற்காவிட்டால்
முதல் தடவையே போயிருக்கும்,
ஒன்று பன்னிரண்டுக்கே அவர் படுத்திருப்பார்,
ஐந்து ஆண்டு அனுபவத்தோடு.

முதலாவதை ஏற்றினேன்.
மற்ற பத்தையும் அழித்தேன், ஆடு உட்பட.
பிறகு, மறந்துபோன அந்த வரியை.